அம்மாவின் வாக்குமூலமும் ஆங்கில இலக்கிய வகுப்பும்

ஒரு காலத்தில் சிவப்பு மையால் எங்களுக்குச் சிம்ம சொப்பனமாய் இருந்து, இன்று சிரித்த முகத்தோடு இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே! சொல்லைச் சொல்லாகப் பிரித்துச் சுவையைச் சுவையாகப் பரிமாறும் பேராசிரியப் பெருமக்களே! அரை நாள் விடுப்புக் கேட்டு, அதை அரை மனதோடு தந்த முதலாளியின் முகத்தை நினைத்தபடியே அமர்ந்திருக்கும் அருமைத் தந்தையரே! மகளுக்கு இடம் கிடைத்த மகிழ்ச்சி ஒரு கண்ணிலும், கிடைத்த இடம் ஆங்கில இலக்கியமாகப் போய்விட்டதே என்ற கவலை மறு கண்ணிலுமாக மருகிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்ந்தும், பின்வரிசையில் கைப்பேசிமேல் கவிழ்ந்தும் காட்சி தரும் புதிய மாணவச் செல்வங்களே! இந்த ஒலிவாங்கியை மூன்று முறை தட்டி, நான்காம் முறை கெஞ்சி, ஒருவழியாகப் பேச வைத்த ஒலிபெருக்கித் தோழரே! உங்கள் அனைவரையும் உள்ளம் நிறைய வணங்குகிறேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு தாய் என் கையைப் பிடித்தார். "நீங்க இங்கதான் படிச்சீங்களாம்மா? இத படிச்சா என்னதாம்மா ஆகும்?" என்று கேட்டார். அந்தத் தாய் எங்கே இருக்கிறார்? அதோ, கையைத் தூக்குகிறார். அம்மா, வாசலில் நான் சிரித்து மழுப்பிவிட்டேன். மன்னியுங்கள். மழுப்பாத பதிலை மேடையில் சொல்கிறேன்.

நான் சொல்லப்போவது என் வீட்டில் நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நல்லபடியாக முடிந்த கதை. ஆகவே நடுவில் யாரும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அந்த நாட்களில் நான் பிடித்துக்கொண்டது போதும்.

என் அம்மா ஒரு சலவை ஆலையில் வேலை செய்கிறார். ஓட்டல்களிலிருந்து மலை மலையாக வந்து குவியும் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வெளுக்கின்றன, அங்கேதான் மடிகின்றன. அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அதன்பின் எங்கள் வீட்டுக்கு ஆண்குரல் என்றால் அது மாமாவின் குரல்தான். அம்மாவின் தம்பி. எலக்ட்ரீஷியன். மின்சாரத்தைத் தவிர வேறெதற்கும் அஞ்சாதவர்.

நான் ஆங்கில இலக்கியம் படிக்கப்போகிறேன் என்றதும் மாமா கேட்ட கேள்வி இன்னும் என் காதில் ஒலிக்கிறது. "கதை படிக்கிறதுக்கு எதுக்குடி காலேஜு? பஸ்ஸுல போறப்ப படிச்சுக்கலாமே!"

அம்மா விரிப்பு மடிக்கும் கையை ஆட்டிச் சொன்னார்: "அவ ஆசப்பட்டது அதுதான். வேற எதுலயாவது சேத்துவிட்டு மூணு வருஷம் அவ மூஞ்சிய யாருடா பாக்கிறது?"

இதுதான் எனக்குக் கிடைத்த ஆதரவு. இதைவிடப் பெரிய ஆதரவு எந்த மாணவிக்குக் கிடைத்திருக்கும்?

ஆசைப்பட்டுச் சேர்ந்தவள் அசத்தினாளா என்று கேட்கிறீர்களா? அசடு வழிந்தேன்! முதல் பருவத்திலேயே ஒரு தேர்வு வைத்தார்கள். ஐந்து பத்திகள். எழுதியவர் பெயர் இல்லை, எழுதிய காலம் இல்லை. எவையெல்லாம் ஒரே கை எழுதியவை? எழுதியவர் எங்கே நின்று பார்க்கிறார்? எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்காமல் விடுகிறார்? சொல், சொல்லுக்குச் சான்று காட்டு. நானோ ஐந்து பத்திகளின் கதைச் சுருக்கத்தை அழகழகாக எழுதி வைத்தேன். இருபதுக்கு ஏழு! ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: "கதை எனக்கும் தெரியும்." அதோ, துறைத் தலைவர் சிரிக்கிறார். அம்மையாருக்கு நினைவிருக்கிறது!

சிரியுங்கள், சிரியுங்கள். மூன்றாம் ஆண்டில் என் வீட்டில் சிரிப்பு நின்றுபோனது.

அம்மா வேலை செய்யும் இடத்தில் ஒரு பெரிய இயந்திரம் உண்டு. ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால், கொதிக்கும் உருளைகளுக்குள் போய், மறுபக்கம் தேய்த்த விரிப்பாக வெளியே வரும். ரோலர் என்பார்கள். அதன் முன்னால் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பெண்கள் நின்று விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். ஒரு மூலை என் அம்மாவின் கையில். மறு மூலை இன்னொரு பெண்ணின் கையில். அவர் கை வேகத்தைப் பார்த்து ஊரே அவரை "வேகம் அக்கா" என்றுதான் கூப்பிடும். பதினாறு ஆண்டுகள் ஒரே விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்தவர்கள் அவர்கள். ஒருவர் தும்மினால் மற்றவர் கைக்குட்டை நீட்டுவார்.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புப் பட்டை இருக்கும். அதற்கென்று தனியாக ஒரு சிவப்பு ஸ்விட்ச். தவறிக் கை அதில் பட்டால் இயந்திரம் நின்றுவிட வேண்டும். அன்று நிற்கவில்லை. வேகம் அக்காவின் வலக்கை உள்ளே போனது. அம்மா சுவரோரம் இருந்த பெரிய ஸ்விட்ச்சை அடித்து நிறுத்தினார். அக்காவின் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இரண்டு விரல்கள் போயின.

ஒரு வாரம் கழித்து ஆலையிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே மூன்று வாக்குமூலங்கள். அம்மா கையெழுத்திட்டது ஒன்று. வேகம் அக்கா ஆஸ்பத்திரிப் படுக்கையில் இடக்கையால் கிறுக்கியது ஒன்று. இயந்திரம் பழுது பார்க்கும் மெக்கானிக் போட்டது ஒன்று. மூன்றும் ஆங்கிலத்தில்! கூடவே ஒரு நோட்டீஸ்: அம்மாவின் கவனக்குறைவால் விபத்து, வேலையிலிருந்து ஏன் நீக்கக் கூடாது, வரும் வெள்ளிக்கிழமை விசாரணை.

மாமா அந்த உறையை என்னிடம் நீட்டினார். "நீ படிச்ச இங்கிலீஷு இதுக்காவது உதவுதான்னு பாரு."

படித்தேன், படித்ததைத் தமிழில் சொன்னேன். "நான் கவனக்குறைவாக, இடப்பக்கத்தில் இருந்த சிவப்பு ஸ்விட்ச்சை அணைத்துவிட்டேன், அதனால் தடுப்புப் பட்டை செயலிழந்தது, என் சக ஊழியரின் கை உருளையில் அகப்பட்டது." கீழே அம்மாவின் கையெழுத்து. கோணல் மாணலான, எனக்குப் பழக்கமான, பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுகளில் எல்லாம் நான் பார்த்த அதே கையெழுத்து.

"நீ இப்படிச் சொன்னியாம்மா?"

"என்ன எழுதியிருக்குன்னே தெரியாதுடி. 'சீக்கிரம் போடுங்க, அப்பத்தான் அவங்க வைத்தியத்துக்கு உதவி வரும்'னு மேனேஜர் சார் சொன்னாரு. ஆஸ்பத்திரி வராந்தாவில நின்னுக்கிட்டே போட்டேன்."

அதோடு விட்டதா? வேகம் அக்காவிடமும் அந்தத் தாளைக் காட்டிவிட்டார்கள். பார்க்கப் போன அம்மாவிடம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாராம்: "நான்தான் அணைச்சேன்னு நீயே எழுதிக் குடுத்திருக்கியாமே?"

பெரியோர்களே, வேலை போவது ஒரு துன்பம். பதினாறு ஆண்டுத் தோழமை போவது வேறொரு துன்பம். இரண்டையும்விடப் பெரிய துன்பம் ஒன்றை அன்று மாலை கண்டேன். அம்மா அடுப்படியில் நின்று தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருவேள நான்தான் அணைச்சிட்டேனோ? எழுத்துல வந்துடுச்சேடி!" என்றார்.

எழுத்தில் வந்துவிட்டதாம்! வாசிக்கத் தெரியாத மொழியில் எவரோ எழுதிய வரி, வாழ்நாளெல்லாம் உழைத்த கையை அந்தக் கைக்குரியவரே சந்தேகிக்க வைத்துவிட்டதே! அது எவ்வளவு பெரிய அநியாயம்! அது எவ்வளவு அமைதியான அநியாயம்!

மாமா நல்லவர். அவரும் கலங்கிப்போயிருந்தார். "படிப்ப நிறுத்திட்டு எனக்குத் தெரிஞ்ச கடையில சேந்துடு. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. மறுநாள் படிப்பை நிறுத்துவதாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டு இதே கட்டடத்துக்கு வந்தேன். துறை அறை பூட்டியிருந்தது. சாப்பாட்டு நேரம். தாழ்வாரத்து மர பெஞ்சில் உட்கார்ந்தேன். பையில் அந்த உறை இருந்தது. அழுவதற்குப் பதிலாக அதை எடுத்துப் படித்தேன்.

இந்த முறை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

அவற்றில் ஒரு நீளமான வார்த்தை. கவனக்குறைவாக என்று பொருள். 'இன்அட்வர்டென்ட்லி'! என் அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் 'சாரி', 'தேங்க்யூ', 'ஓவர்டைம்'. அவர் வாயில் இன்அட்வர்டென்ட்லியா? வேகம் அக்கா வாயிலும் அதே இன்அட்வர்டென்ட்லி. மெக்கானிக் வாயிலும் அதே. அந்த வார்த்தையில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. மூன்று தாளிலும் அதே எழுத்து, அதே 'இடப்பக்கம்'! அம்மாவின் வாக்குமூலத்தில் ஏழு அரைப்புள்ளிகள். கடைசித் தேர்வில்கூட நான் இரண்டு அரைப்புள்ளிக்கு மேல் போட்டதில்லை! மூன்று பெயர், மூன்று கையெழுத்து. ஆனால் பேசியவர் ஒருவர்!

கையில் எழுத வேறு தாள் இல்லை. படிப்பை நிறுத்தும் கடிதத்தின் பின்பக்கத்திலேயே குறிக்கத் தொடங்கினேன். அறை திறந்தபோது அதைக் கொடுக்கும் நிலையில் நான் இல்லை. பக்கம் முழுக்கக் கிறுக்கல்!

ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் மனம் சுருண்டது. மேனேஜர் என்ன சொல்வார்? "அவங்க சொன்னத நாங்கதான் இங்கிலீஷ்ல எழுதினோம், வார்த்தை எங்களுது, விஷயம் அவங்களுது" என்பார். நியாயம்தானே? ஒரே கை எழுதியது என்று காட்டினால் போதாது. அந்தக் கைக்குரிய கண் எங்கே நின்று பார்த்தது? முதல் பருவத்தில் நான் விடை எழுதாமல் விட்ட கேள்வி!

வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னேன்: "அம்மா, எழுந்து நில்லு."

"எதுக்குடி?"

"ரோலர் முன்னாடி நிக்கிற மாதிரி நில்லு. இந்தா, விரிப்ப பிடி. இப்ப சிவப்பு ஸ்விட்ச் எங்க இருக்கு, காட்டு."

அம்மாவின் வலக்கை தானாக உயர்ந்தது. வலப்பக்கம்! குளிர்ப்பெட்டியின் மேல் மூலையைத் தொட்டு நின்றது.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. இடப்பக்கம் இல்லியே?"

"என்னடி பேசற? பதினாறு வருஷமா தெனமும் காலையில போடறேன், சாயங்காலம் அணைக்கிறேன். கண்ண மூடிக்கிட்டுக் காட்டுவேன்." கண்ணை மூடிக்கொண்டே காட்டினார். வலப்பக்கம்!

"அப்போ அது யாருக்கு இடப்பக்கம்?"

அம்மா யோசித்தார். "எதிர்ல நிக்கிறவங்களுக்கு. ஆனா எதிர்ல யாரு நிப்பா? எதிர்ல மேல மேனேஜர் ரூமு கண்ணாடிதான்…" சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். கையிலிருந்த விரிப்பு நழுவியது. "அடிப் பாவி! நான் அணைக்கலடி! நான் அணைக்கவே இல்ல!"

மாமா நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். "இத காலேஜுலயா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். அன்றுதான் மாமா என் படிப்பைப் பற்றி முதன்முதலாக ஒரு நல்ல கேள்வி கேட்டார்!

வெள்ளிக்கிழமை வந்தது. விசாரணை ஆலையின் ரோலர் கூடத்திலேயே நடந்தது. தொழிலாளர் நலத்துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மையார் வந்திருந்தார். தெரியாத மொழியில் தாள் இருந்தால் உதவிக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று நோட்டீசின் கடைசி வரி சொன்னது. அந்த ஒருவர் நான். வேகம் அக்கா கட்டுப்போட்ட கையோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்க்கவில்லை. மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். நீளமான வார்த்தையைக் காட்டினேன். விடுபட்ட எழுத்தைக் காட்டினேன். அரைப்புள்ளிகளைக் காட்டினேன். மேனேஜர் நான் எதிர்பார்த்ததை எழுத்துப் பிசகாமல் சொன்னார்: "மேடம், வார்த்தை எங்களுது. விஷயம் அவங்க சொன்னது."

"சரிங்க மேடம்," என்றேன். "அப்ப ஒரே ஒரு விஷயம். மூணு பேரும் சிவப்பு ஸ்விட்ச்சு இடப்பக்கம் இருக்குன்னு சொல்லியிருக்காங்க. தயவுசெஞ்சு ரோலர் முன்னாடி வந்து நின்னு பாருங்க."

அதிகாரி பேனாவை மூடினார். எழுந்தார். ரோலர் அருகே போனார். அம்மா தினமும் நிற்கும் இடத்தில் நின்றார். வலக்கையை நீட்டினார். ஸ்விட்ச் அங்கே இருந்தது. மெக்கானிக்கைப் பார்த்து, "நீங்க எங்க நின்னு வேலை செய்வீங்க?" என்று கேட்டார். "இங்கதான் மேடம், இந்தப் பக்கந்தான்" என்றார் அவர். அதிகாரி மாடிப்படி ஏறினார். மேனேஜர் அறைக்குள் போனார். கண்ணாடிக்குப் பின்னால் நின்றார். அங்கிருந்தபடியே கையை நீட்டினார், பெரியோர்களே! இடக்கையை நீட்டினார்!



அப்போது வேகம் அக்கா எழுந்தார். "மேடம், அன்னிக்கு நான் 'வலிக்குது'ன்னு மட்டும்தான் சொன்னேன். இவ்வளவு இங்கிலீஷு எங்கேருந்து வந்துச்சு?"

அந்த ஒரு கேள்வி மெக்கானிக்கை உடைத்தது. தடுப்புப் பட்டை அடிக்கடி இயந்திரத்தை நிறுத்துகிறது, வேலை தாமதமாகிறது என்று, விபத்துக்குப் பத்து நாள் முன்பே அதை வெளியே தெரியாதபடி இயந்திர மூடிக்குள் கம்பியால் கட்டிவைக்கச் சொன்னவர் மேனேஜர். கட்டியவர் மெக்கானிக். விபத்து நடந்ததும் அவிழ்த்தவரும் அவரே. "சார் சொன்னாரு, செஞ்சேன். தூக்கம் இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் முகத்தில்கூட ஒரு நிம்மதி தெரிந்தது. சொல்லிவிட்ட நிம்மதி!

என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? மேனேஜரின் வேலை போனது. வேகம் அக்காவுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. மடிப்புப் பிரிவில் மேற்பார்வை வேலையும் கிடைத்தது. அம்மாவின் மேல் இருந்த பழி பஞ்சாய்ப் பறந்தது. அன்று வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். இரண்டு பேருந்துகள் வந்தன, போயின. நாங்கள் ஏறவில்லை. வேகம் அக்கா கட்டில்லாத கையை அம்மாவின் மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆ, அந்த மூச்சு! இரண்டு வாரம் அடக்கி வைத்திருந்த மூச்சை எங்கள் குடும்பம் அந்தப் பேருந்து நிறுத்தத்தில்தான் விட்டது!

யாரோ கேட்கிறார்கள், "அம்மா வந்திருக்காங்களா?" என்று. இல்லை ஐயா. அம்மாவுக்கு இன்று மதிய ஷிப்ட். வேலைக்குப் போயிருக்கிறார். 'என் அம்மா வேலைக்குப் போயிருக்கிறார்' என்று சொல்லும்போது என் நெஞ்சு எவ்வளவு லேசாகிறது தெரியுமா? ஆனால் மாமா வந்திருக்கிறார். அதோ, நான்காவது வரிசையில் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல நடிக்கிறாரே, அவர்தான். பக்கத்தில் இருப்பவள் அவர் மகள். இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறாள். எந்தத் துறை? கைதட்டுங்கள்! அதே துறை!

தாய்மார்களே, தந்தையரே! ஆங்கில இலக்கியம் படித்தால் எல்லா வழக்கிலும் ஜெயிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. எல்லார் வீட்டுக்கும் அப்படி ஓர் உறை வரவும் வேண்டாம். வேலை கிடைக்குமா என்றால், எனக்குக் கிடைத்தது. மருத்துவமனையில் நோயாளிகள் கையெழுத்துப் போடும் படிவங்களைச் சாதாரண மக்கள் பேச்சில் எழுதும் வேலை. இன்னொருவருக்கு வேறு வேலை கிடைக்கும். நான் சொல்ல வருவது அதுவல்ல.

உலகம் முழுக்க எழுத்து. ஒப்பந்தமாய் எழுத்து, உத்தரவாய் எழுத்து, விளம்பரமாய் எழுத்து, வாக்குமூலமாய் எழுத்து! 'நான்' என்று தொடங்கும் ஒவ்வொரு வரியிலும் உண்மையில் பேசுவது யார்? எங்கே நின்று பார்க்கிறார்? எவரை மறைக்கிறார்? எவரை மாட்டிவிடுகிறார்? இதைக் கேட்கத்தான் நம் பிள்ளைகள் மூன்று ஆண்டு பழகுகிறார்கள். கதையில் பழகுகிறார்கள், ஏனென்றால் கதையில் தவறினால் யார் விரலும் போவதில்லை. கவிதையில் பழகுகிறார்கள், ஏனென்றால் அங்கே ஒரு சொல் இடம் மாறினால் ஓர் உலகம் இடம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். அயல்மொழியில் பழகுகிறார்கள், ஏனென்றால் நம்மை மிரட்டும் தாள்கள் பெரும்பாலும் அந்த மொழியில்தான் வருகின்றன! மிரளாமல் வாசிக்கும் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், அந்த வீடு மிரளாது. அந்தத் தெரு மிரளாது. அந்த ஆலை மிரளாது!

மாணவச் செல்வங்களே, இருபதுக்கு ஏழு வாங்குங்கள், பரவாயில்லை. சொல்லைச் சும்மா விடாதீர்கள்!

முடிக்கிறேன். அதோ மணி அடிக்கிறார்கள். இன்னும் ஒரு நிமிடம்.

அன்று விசாரணை முடிந்ததும் அதிகாரி அம்மாவிடம் புதிதாக ஒரு வாக்குமூலம் வாங்கினார். தமிழில். எழுத்தர் எழுதினார். அம்மா கையெழுத்துப் போடவில்லை. "படிச்சுக் காட்டுங்க" என்றார். படித்தார்கள். "விபத்து நேர்ந்தவுடன் நான் சென்று இயந்திரத்தை நிறுத்தினேன்" என்ற வரியில் அம்மா கையைத் தூக்கினார்.

"இல்லீங்க. 'சென்று'ன்னா ஏதோ நடந்து போன மாதிரி இருக்கு. அவ கை உள்ள இருக்கறப்ப நான் நடப்பேனா? ஓடினேன். 'ஓடினேன்'னு போடுங்க."

எழுத்தர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, "அடிச்சிட்டு எழுதுங்க" என்றார். அவர் அடித்தார். எழுதினார். அம்மா இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூலையில் வேகம் அக்கா அழுதுகொண்டிருந்தார். அம்மா பேனாவை வாங்கி, அவசரமே இல்லாமல், தன் பெயரை எழுதினார்.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட பெற்றோருக்கும், கடைசிவரை கைகொடுத்த ஒலிபெருக்கித் தோழருக்கும் என் நன்றி. இன்று வகுப்புக்குள் நுழையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் என் வாழ்த்து. வருகிறேன், வணக்கம்!